நான் பிடித்துப் பார்க்காத மற்றக் கை

என் பிரியாவிடைக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் என் கண்ணைப் புகழ்ந்தார்கள். உங்களில் ஒரு தங்கச்சி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்கட மிஸ் பிள்ளையின்ர வாயைத் திறக்கச் சொல்லத் தேவையில்லை. கையைப் பார்த்தே பல்லைச் சொல்லிப்போடுவா" என்றாள். மண்டபமே கை தட்டியது. நானும் மாலையும் கழுத்துமாக இருந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் எரிகிறது.

போன கிழமை நீங்கள் மூன்று பேர் ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தீர்கள். புதிதாக நியமனம் பெற்ற பாடசாலைப் பற்சிகிச்சையாளர்களுக்கு ஒரு கையேடு போடப்போகிறோம், அனுபவத்திலிருந்து நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். தேத்தண்ணியைக் குடித்து முடித்துப் படலையடியில் நின்று, "மிஸ்ஸின்ர அந்தக் கைரேகை ரகசியத்தையும் எழுதுங்கோ" என்று பகிடியும் விட்டீர்கள். சரி, அதையே எழுதுகிறேன். முழுக்க எழுதுகிறேன். வாசித்துவிட்டுக் கையேட்டில் போடுவதா, கிழித்துப் போடுவதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

ரகசியம் என்று ஒன்றுமில்லை. நீங்களும் பயிற்சியில் படித்ததுதான். விரல் சூப்புகிற பிள்ளையின் பெருவிரல் தனியாகத் தெரியும். மற்ற விரல்களில் மண்ணும் மையும் அப்பியிருக்க, அது மட்டும் கழுவித் துடைத்தது போல வெளுத்து, தோல் சுருங்கி, நகம் தேய்ந்து இருக்கும். எட்டு ஒன்பது வயதிலும் அந்தப் பழக்கத்தை விடாத பிள்ளைக்கு மேல் முன்பற்கள் வெளியே தள்ளிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் மிதப்புப் பல் என்பார்கள். தாயைக் கூப்பிட்டுக் கேட்டால், "சீச்சீ, என்ர பிள்ளைக்கு அந்தப் பழக்கமில்லை" என்று அடித்துச் சொல்லுவார். நான் பிள்ளையின் வலது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவேன். பிள்ளை வெட்கப்பட்டுச் சிரிக்கும். பக்கத்தில் நிற்கிற ரீச்சர்மார் என்னை ஒரு சாத்திரக்காரியைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

அநேகமாக நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது. கொஞ்சக் காலத்தில் அது ஒரு வித்தை காட்டுவது போல ஆகிவிட்டது. வகுப்புக்கு வகுப்பு போய்ப் பரிசோதிக்கும் நாட்களில், நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது, ஒரு கையைத் தூக்கிக் காட்டினால் எல்லாரும் சிரிப்பார்கள், வரிசையும் அமைதியாக நகரும். எனக்கும் வேலை லேசாகும். பிள்ளைகளோடு பகிடி பண்ணத் தெரிந்த மிஸ் என்று எனக்குப் பெயர். யாருடைய செலவில் அந்தப் பெயரை வாங்கினேன் என்று நான் யோசிக்கவில்லை.

அப்படி ஒரு நாள்தான் நிரோஜினியின் கையைத் தூக்கினேன்.

அவள் உப்புவெளிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் படித்தாள். தகப்பன் கடலுக்குப் போகிறவர். தாய் ஜெசிந்தா கடற்கரையில் மீன் வாடி என்கிற கொட்டில் ஒன்றில் வேலை. பிள்ளைக்கு ஒன்பது வயது, மெலிந்த முகம், கண்ணுக்குக் கீழே கருமை. மேல் முன்பற்கள் இரண்டும் நன்றாக வெளியே தள்ளியிருந்தன. உதடுகள் ஒன்றையொன்று தொடவில்லை. வாய் எப்போதும் பாதி திறந்தபடி. இத்தனையையும் கண்டுவிட்டு நான் வாய்க்குள் கண்ணாடியை வைக்கவில்லை. நேரே வலது கையைப் பிடித்தேன். பெருவிரல் வெள்ளை வெளேரென்று, சுருங்கி, நகம் தேய்ந்து, பாடப் புத்தகத்தில் போட்ட படம் போல இருந்தது.

"ஆர் இது, நாலாம் வகுப்பில ஒரு பபா?" என்று அந்தக் கையை எல்லாருக்கும் தெரியத் தூக்கினேன். "இன்னும் விரல் சூப்புறீரோ?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இரண்டாம் தரம் கேட்டபோதுதான் பதில் சொன்னாள்.

"இல்லை மிஸ். நான் சூப்பிறேல்லை."

மூக்கடைத்த குரல். தடிமன் பிடித்த பிள்ளை கதைப்பது போல இருந்தது. அதையும் கேட்டேன், கேட்டும் பொருட்படுத்தாமல் விட்டேன்.

"நீர் ஒளிக்க ஏலாது பிள்ளை. விரல் என்னட்டச் சொல்லிப்போட்டுது" என்றேன்.

பின்வரிசையிலிருந்து யாரோ "சூப்பி" என்றார்கள். குழந்தைகளுக்குப் பால் போத்தலில் மாட்டுகிற அந்த ரப்பர்த் துண்டுக்கு நாங்கள் சொல்லும் பெயர். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு அந்தப் பெயர் அவளில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பெரிய ஆட்கள் சிரித்துவிட்டால் பிள்ளைகளுக்கு அது அனுமதி கொடுத்தது போலத்தான்.

அடுத்த நாள் தாயைக் கூப்பிட்டேன். ஜெசிந்தா வேலை இடையில் ஓடி வந்திருந்தார். உடுப்பில் இறால் மணம். கதிரையில் இருக்கச் சொன்னேன், நாற்றம் பட்டுவிடும் என்று இருக்கவில்லை. அப்போது நடந்த கதையை நான் ஒரு சொல் விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். மறந்தால் நல்லது என்று பல தடவை நினைத்தும் மறக்க முடியவில்லை.

"மிஸ், அவள் விரல் சூப்புறதை நான் ஒருநாளும் கண்டதில்லை. படுத்தால் வாயைத் திறந்துகொண்டு குறட்டைதான் விடுவாள். பெரிய ஆக்கள் மாதிரி. சில நேரம் மூச்சு நிண்டு நிண்டு வரும். எனக்குப் பயமாக் கிடக்கும்."

தங்கச்சிமாரே, இதைவிடத் தெளிவாக ஒரு தாய் எப்படிச் சொல்லுவார்? பிள்ளைக்கு மூக்கால் மூச்சு விட முடியவில்லை என்பதை அவர் தன் வாயாலேயே என் முன்னால் வைத்துவிட்டார். வாயால் மூச்சு விடுகிற பிள்ளைக்கு மேல்தாடை ஒடுங்கும், பல் முன்னுக்கு வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சைக்கு எழுதிய பதில். ஆனால் எனக்கு அந்த விரல் போதுமாக இருந்தது. அதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லித் தருவது பிடிக்கவில்லை, அதுவும் இறால் மணக்க வந்த ஒரு தாய்.

"நீங்கள் விடிய வேலைக்குப் போனால் பிள்ளை என்ன செய்யுதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, "ஓம் மிஸ்" என்றார். விரலில் வேப்பெண்ணெய் தடவுங்கள், படுக்கும்போது துணி சுற்றிக் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ், செய்யிறன்" என்றார். அவர் ஏன் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டார் என்று நான் வியக்கவில்லை. என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் போனேன். விரல் அப்படியே வெள்ளையாக இருந்தது. கோபம் வந்தது. "வேப்பெண்ணெய் பூசுறவவோ அம்மா?" என்று கேட்டேன். "ஓம் மிஸ். சாப்பிடேக்க கைக்கிது" என்றாள் பிள்ளை. பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய அட்டையில் சிவப்புப் பேனையால், "விரல் சூப்பும் பழக்கம். தாயின் ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

என் கையெழுத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு மதிப்பு இருந்தது. அடுத்த வருஷம் நான் முழங்கால் வருத்தத்தில் நீண்ட லீவு எடுத்தபோது, கப்பல்துறையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஒரு தங்கச்சி எனக்குப் பதிலாக அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள். அவள் நிரோஜினியைப் பார்த்ததும் காது மூக்கு தொண்டை டொக்டரிடம் அனுப்பக் கடிதம் எழுதத் தொடங்கினாளாம். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். சிவப்பு எழுத்து, கீழே என் கையெழுத்து. பெரிய மிஸ் பார்த்திருக்கிறா, எனக்கென்ன தெரியும் என்று கடிதத்தை மடித்து வைத்துவிட்டாள். இதை அவளே பின்னொரு நாள் அழுதுகொண்டு எனக்குச் சொன்னாள். அழ வேண்டியவள் நான். அவளுக்கு ஆறுதல் சொல்கிற ஆளாக நடித்துக்கொண்டு நின்றேன்.

இப்படி இரண்டு வருஷம் போனது.

நிரோஜினி ஆறாம் வகுப்புக்கு வந்தபோது அவளுடைய வகுப்பாசிரியை ரினோஸா ரீச்சர். கிண்ணியாவிலிருந்து வருகிறவர். அதிகம் கதைக்க மாட்டார், பிள்ளைகளைக் கூர்ந்து பார்ப்பார். ஒரு நாள் காலை அவர் நிரோஜினியைக் கையில் பிடித்துக்கொண்டு என் சிகிச்சை அறைக்கு வந்தார். பிள்ளை விளையாட்டு நேரத்தில் விழுந்து, வெளியே தள்ளியிருந்த முன்பல் ஒன்று உடைந்திருந்தது. வாயில் இரத்தம். தள்ளியிருக்கிற பல்தானே முதலில் அடிபடும்.

"பின்னால ஓடி வந்த புள்ளைகள் விலகு விலகெண்டு கத்தினவங்களாம். இவள் திரும்பல்ல" என்றார் ரீச்சர். பிறகு குரலைத் தணித்து, "மிஸ், இந்தப் புள்ளைக்குக் காது கேக்குதா எண்டு ஒருக்காப் பாருங்களே. கரும்பலகையப் பார்த்து எழுதச் சொன்னா முத்து முத்தா எழுதுவாள். சொல்வதெழுதல் எண்டா ஒண்டுமில்லை. எல்லாரும் மந்தம் எண்டுறாங்க. எனக்கு அப்பிடித் தெரியல்ல."

"காது என்ர வேலை இல்லை ரீச்சர். முதல்ல பல்லைப் பார்ப்பம்" என்றேன்.

நிரோஜினியைக் கதிரையில் படுக்க வைத்தேன். உடைந்த பல்லைச் சுத்தம் செய்து, மருந்து நனைத்த பஞ்சை வைத்து, "வாயை மூடிக் கடிச்சுக்கொண்டிரும். மூக்கால மூச்சு விடும்" என்றேன். மூடினாள், உடனே திறந்தாள். பஞ்சு விழுந்தது. திரும்ப வைத்தேன். திரும்பத் திறந்தாள். வெளியே வரிசையில் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். பழைய கோபம் எனக்குத் தலைக்கு ஏறியது. ஒத்துழைக்காத தாயின் ஒத்துழைக்காத பிள்ளை. மூன்றாம் தரம் பஞ்சை வைத்துவிட்டு, என் உள்ளங்கையால் அவளுடைய நாடியை மேலே அழுத்தி வாயை மூடிப் பிடித்தேன்.

"மூக்கால. மூக்கால விடும்."

எத்தனை வினாடி என்று தெரியாது. நெடுநேரமில்லை. அவளுடைய கண்கள் பெரிதாகி என்னைப் பார்த்தன. நெஞ்சு ஏறியது, இறங்கவில்லை. கால்கள் கதிரையை உதைத்தன. அடம்பிடிக்கிறாள் என்றே நினைத்தேன். ரீச்சர்தான் "மிஸ், விடுங்க! புள்ளைக்கு மூச்சு வரல்ல!" என்று கத்தினார். உதடு கறுத்திருந்ததை அப்போதுதான் கண்டேன். கையை எடுத்தேன். அவள் எழும்பிக் குந்தி, வாயால் காற்றை இழுத்து இழுத்து விட்டாள். என்னை விலக்குவதற்காக இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்தவள், பிடியை இன்னும் விடவில்லை.

அந்த இரண்டு கைகளையும் பார்த்தேன். வலது பெருவிரல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. இடது பெருவிரலும் அப்படியே. சுட்டுவிரல்கள், நடுவிரல்கள், எல்லா விரலின் நுனியும் ஊறி வெளுத்திருந்தன. நகங்களின் ஓரத்தில் சின்னச் சின்னக் கீறல்கள். எந்தப் பிள்ளையும் பத்து விரலையும் சூப்புவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நான் வலது கையை மட்டுமே பிடித்துப் பார்த்தேன். இடது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சாண் தூரம்கூட இல்லை.

"இது என்ன பிள்ளை, கை?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்கு எப்படிக் கேட்கும்? ரீச்சர் அவள் முகத்துக்கு நேரே குனிந்து திருப்பிக் கேட்டார்.

"இறால்" என்றாள்.

"என்ன இறால்?"

"விடிய அம்மாவோட வாடிக்குப் போறனான். ஐஸ் தண்ணிக்குள்ள கிடக்கிற இறாலை உரிக்கிறது. பெருவிரல் நகத்தாலதான் கோதைக் கிழிக்கவேணும். பிறகு கை கழுவிப்போட்டுப் பள்ளிக்கூடம் வாறனான்."

"அம்மா ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

அவள் ரீச்சரைப் பார்த்தாள். ரீச்சர் சொல்லு என்பது போலத் தலையை ஆட்டினார்.

"சொன்னா, பிள்ளையை வேலைக்கு விட்டதெண்டு நன்னடத்தைக் கந்தோர்ல இருந்து ஆக்கள் வந்து என்னைக் கொண்டுபோய் விடுதியில விட்டுடுவினமாம். நீங்கள் விரல் சூப்புறது எண்டு சொன்னபடியா, அது அப்பிடியே இருக்கட்டும் எண்டு அம்மா சொன்னவா." கொஞ்சம் மூச்சு எடுத்துவிட்டு, "ஆனா நான் சூப்பிறேல்லை மிஸ். அப்பவே சொன்னனான்" என்றாள்.

வாய்ப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை அவளுடைய மூக்குக்குக் கீழே பிடித்தேன். மூச்சு வந்தால் கண்ணாடி மங்க வேண்டும். ஒரு பக்கம் லேசாக மங்கியது, மற்றப் பக்கம் பளிச்சென்று இருந்தது. அரை நிமிட வேலை. அந்தக் கண்ணாடி நாலாம் வகுப்பிலும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பெரியாஸ்பத்திரிக்கு நானே தாயோடும் பிள்ளையோடும் போனேன். நல்ல மனதால் போனேன் என்று சொல்லமாட்டேன். அங்கே என்ன சொல்லப்படும் என்று எனக்குப் பயமாக இருந்தது. டொக்டர் வயது குறைந்த பெண். பிள்ளையைப் பார்க்க முன் தாயிடம் கேள்வி கேட்டார். எங்கே படுக்கிறீர்கள்? எங்கே சமைக்கிறீர்கள்? வீட்டில் யாரும் சுருட்டு, சிகரெட் பத்துகிறார்களா? நுளம்புத்திரி கொளுத்துகிறீர்களா? தடிமன் எத்தனை நாளைக்கு ஒருக்கால் வரும்? விடிய பிள்ளை என்ன செய்கிறாள்?

ஜெசிந்தா ஒவ்வொன்றாகச் சொன்னார். வீட்டின் மற்றப் பக்கம் கூரை ஒழுகுவதால் மாரி முழுக்கக் குசினிக்குள்தான் எல்லாரும் படுக்கிறோம். அடுப்பும் அங்கேதான், விறகு ஈரம், ஒரே புகை. நுளம்புக்கு வேறு திரி. விடியக் குளிருக்குள் ஐஸ் தண்ணி. தடிமன் விட்டால்தானே திரும்ப வருவதற்கு. அந்தக் கேள்விகளுக்கு ஐந்து நிமிடம் போனது. ஒரு வாயைச் சுற்றி எவ்வளவு இருக்கிறது என்று நான் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பது வருஷ அனுபவத்தில் நான் ஒரு தாயிடமும் பிள்ளை எங்கே படுக்கிறது என்று கேட்டதில்லை.

மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து வழியை அடைத்திருந்தது. அதனால் இரண்டு காதுக்குள்ளும் நீர் கட்டியிருந்தது. தண்ணிக்குள் மூழ்கிக்கொண்டு கேட்பது போலத்தான் அவளுக்கு இவ்வளவு காலமும் கேட்டிருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

"எவ்வளவு காலமா இப்பிடிக் குறட்டை?"

"ரெண்டு வருசத்துக்கு மேல டொக்டர்" என்றார் ஜெசிந்தா. "அப்பவே இந்த மிஸ்ஸுக்குச் சொன்னனான்."

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "அப்ப இவ்வளவுக்குத் தெரியேல்லை டொக்டர்" என்றேன். அது பொய். டொக்டர் எழுதத் தொடங்கினார்.

சத்திரசிகிச்சை முடிந்து, காது திறந்தது. டொக்டர் சொன்ன நாளுக்கு முன்பே பிள்ளைக்கு நன்றாகக் கேட்கத் தொடங்கிவிட்டது. மேல்தாடை ஏற்கனவே ஒடுங்கிவிட்டது, பல்லுக்குக் கம்பி போட வேறு ஊருக்கு அலைய வேண்டும் என்றார்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை காது கேளாமலே வந்து போய்விட்டது. அந்த இரண்டு வருஷப் பாடத்தை ரினோஸா ரீச்சர் பள்ளி விட்ட பிறகு மறித்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஜெசிந்தாவிடம் பேசி, பிள்ளை விடிய வாடிக்குப் போவதை நிறுத்தியவரும் அவர்தான். யாரையும் கந்தோருக்குக் காட்டிக்கொடுக்காமல், சத்தமில்லாமல் செய்தார்.

நான் அப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு உப்புவெளிக்குப் பிள்ளையைப் பார்க்கப் போனேன். ஜெசிந்தா ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் ஒரு கதிரை வாங்கி வந்து போட்டார். "நான் பிழை விட்டிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அது எப்படியோ வாயில் வந்துவிட்டது. வீட்டுக்குள், மூன்று பேர் நடுவில், அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

"விடுங்கோ மிஸ். நானும் ஒளிச்சனான்தானே" என்றார் அவர்.

நிரோஜினி பாயில் குந்தியிருந்தாள். மூக்கடைத்த குரல் போய்விட்டிருந்தது. அவளுடைய உண்மையான குரலை அன்றுதான் முதல் முதலாகக் கேட்டேன்.

"மிஸ், ஒண்டு கேக்கட்டா?"

"கேளும் பிள்ளை."

"வகுப்பில வந்து சொல்லுவீங்களா? நான் விரல் சூப்பிறேல்லை எண்டு. எல்லாரும் இப்பவும் சூப்பி எண்டுதான் கூப்பிடுறவை. அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னனீங்கள். அதே மாதிரிச் சொன்னாப் போதும்."

"ஓம். கட்டாயம் சொல்லுறன்" என்றேன்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கையேட்டுக்கு நல்ல கதை. பிழை விட்ட மிஸ், மன்னிப்புக் கேட்ட மிஸ். அடுத்து ஒரு பந்தியில் உங்களுக்குப் புத்திமதியும் சொல்லியிருக்கலாம். இரண்டு கையையும் பாருங்கள், பிள்ளை எங்கே படுக்கிறது என்று கேளுங்கள், பெரிய மிஸ்ஸின் சிவப்புப் பேனைக்குப் பயப்படாதீர்கள் என்று. அவற்றைச் செய்யுங்கள், செய்யத்தான் வேண்டும். ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்தது இனிமேல்தான் இருக்கிறது.

மூன்றாம் தவணை தொடங்கி ஆறாம் வகுப்பைப் பரிசோதிக்கிற நாள் வந்தது. நிரோஜினி சீருடை தோய்த்து அழுத்தி, தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னி வந்திருந்தாள். ரீச்சர் அவளை முன்வரிசை வாங்கில் இருத்தியிருந்தார். நான் உள்ளே வந்ததும் அவள் நிமிர்ந்து இருந்தாள். எனக்குப் பக்கத்தில் கப்பல்துறைத் தங்கச்சி நின்றாள். வாசலில் பள்ளிக்கூட அதிபர் வந்து நின்றார், யாரோ கல்விக் கந்தோர் ஆளோடு. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். நிரோஜினி விரல் சூப்பவில்லை, நான்தான் பிழையாகச் சொன்னேன். வீட்டிலிருந்து வரும்போது ஓட்டோவுக்குள் அதைப் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

"பிள்ளைகள், எல்லாரும் கேளுங்கோ" என்றேன். "நிரோஜினிக்கு மூக்குக்குள்ள ஒரு வருத்தம் இருந்தது. அதாலதான் பல்லு அப்பிடி வந்தது. இப்ப ஒப்பரேசன் செய்து சுகம். இனிமேல் ஒருத்தரும் அவவைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அது கெட்ட பழக்கம். விளங்கிச்சோ?"

நான் சிரித்து ஒட்டவைத்த பெயருக்கு அந்தப் பிள்ளைகளை ஏசினேன். அவர்களும் "விளங்கிச்சு மிஸ்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதிபர் நல்லது என்பது போலத் தலையை ஆட்டினார்.

நடுவரிசையிலிருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். குறும்புக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறியத்தான் கேட்டாள்.

"அப்ப அவ விரல் சூப்பேல்லையா மிஸ்? நீங்கள்தானே அண்டைக்குச் சொன்னனீங்கள்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரீச்சர் பார்த்தார். பக்கத்தில் நின்ற தங்கச்சி நிலத்தைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"நேரம் போகுது" என்றேன். "முதலாம் வரிசை எழும்பி வாங்கோ."

முன்வாங்கில் இருந்தவள் அதுவரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் சொன்னது காதில் விழாமல் இருந்திருக்குமோ என்று நினைத்து என்னைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. அவளுக்கு அப்போது இரண்டு காதும் நன்றாகக் கேட்டது.